மாப்பிள்ளை ஊதாத விசில்

கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஒருவன் கூடைப்பந்து ஆடுகிறேன் என்று சொன்னால் ஊர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். இது ஹாக்கி ஊர். தெருவுக்கு நாலு பேர் மட்டையோடு அலைவார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் அடித்த கோலை இன்றைக்கு அடித்தது போலச் சொல்லுவார். அந்த ஊரில் சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் கிறுக்கு வேறு பக்கம் பிடித்தது. ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்து தொலைத்தவன், குனிந்து மட்டை பிடித்தால் இடுப்பு விட்டுப்போனது. பள்ளிக்கூட மைதானத்து மூலையில் வலையில்லாமல் துருவேறிக் கிடந்த வளையத்துக்குக் கீழே போய் நின்றான். இருபத்தைந்து வருஷம் ஆயிற்று, இன்னும் அங்கேயேதான் நிற்கிறான்.

வயது முப்பத்தெட்டு. இடது முழங்கால் படியிறங்கும்போது கடகடவென்று பேசும். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வருஷத்தோட பந்தை மூட்டை கட்டிருங்க, இல்லைன்னா காலைக் கட்ட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார். சரி, கட்டிவிடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஃபைனல் ஆடிவிட வேண்டும். அவன் கேப்டனாக இருக்கும் கரிசல் கூடைப்பந்துக் கழகம் மாவட்ட லீக்கில் பதினாறு வருஷமாக ஆடுகிறது, ஐந்து தடவை அரையிறுதி வரை வந்திருக்கிறது. ஐந்து தடவையும் அங்கேயே மண்ணைக் கவ்வியிருக்கிறது. கோப்பை கூட வேண்டாம், ஃபைனல் நடக்கிற அன்றைக்கு வேடிக்கை பார்க்காமல் கோட்டுக்குள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

பிழைப்புக்கு அவன் கண்ணுசாமி முதலாளியின் கமிஷன் கடையில் எடை போடுகிறான். தை, மாசியில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் வந்து இறங்கும். மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்த நிமிஷத்திலிருந்து விளைவித்தவரின் கண் அந்தச் சிவப்பு எண்ணை விட்டு அசையாது. "ஒரு தடவை எடுத்துட்டு மறுபடி வையி தம்பி" என்பார்கள். "உங்க காலு தட்டுல பட்டுருக்கா பாருங்க" என்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மனுஷனைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும்! சங்கிலிப்பாண்டி பொறுத்துக்கொண்டான். கை சுத்தம் என்று பேரெடுத்திருந்தான். அந்தப் பேரில் ஒரு பொட்டுத் தூசி விழ விடமாட்டான்.

சாக்குக்கும் தூசிக்குமாக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது அந்தக் கடை வழக்கம். இந்தத் தையில் அவன் தாய்மாமா உச்சிமாகாளி பன்னிரண்டு மூட்டை உளுந்தை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். எட்டயபுரம் பக்கத்துக்காரர். ஆடு மேய்த்த குடும்பம், இப்போது நாலு ஏக்கரில் உளுந்தும் போடுகிறார். சங்கிலிப்பாண்டி எடை போட்டு மூட்டைக்கு ஒன்றரை கிலோ கழித்தான்.

"ஏலே சங்கிலி, எல்லாத்துக்கும் ஒண்ணுதான கழிக்குதே? எனக்கு மட்டும் என்னலே ஒன்னரை?"

"மாமா, வேற ஆளா இருந்தா ஒண்ணுதான் கழிப்பேன். நீங்க என் தாய்மாமால்லா. சொந்தக்காரனுக்குச் சாச்சுட்டான்னு நாலு பேரு சொல்லிரப்பிடாதுல்லா."

உச்சிமாகாளி தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கண்ணுசாமி முதலாளி கல்லாவில் இருந்தபடி பார்த்துத் தலையை ஆட்டினார். சங்கிலிப்பாண்டிக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இது நடந்து ஒரு மாசத்தில் அரையிறுதி வந்தது. தூத்துக்குடி அலைகள் கிளப்போடு மூன்று ஆட்டம், எவன் இரண்டில் ஜெயிக்கிறானோ அவன் ஃபைனலுக்குப் போவான். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். நடுவர்கள் இரண்டு பேரும் அவர்கள் ஊர்க்காரர்கள். கரிசல் அணி மேல் இருபத்து நாலு ஃபவுல், அலைகள் மேல் பதினொன்று. மூச்சு விட்டாலே விசில். நாலு புள்ளியில் தோற்றுவிட்டு வேனில் திரும்பினார்கள். குறுக்குச்சாலை தாண்டியதும் சங்கிலிப்பாண்டி, "இது ஆட்டமாலே? அநியாயம்லா!" என்று ஜன்னல் கம்பியை அடித்தான். கைதான் வலித்தது.

இரண்டாவது ஆட்டம் கோவில்பட்டியில். இவர்கள் ஜெயித்தார்கள். இப்போது அலைகள்காரர்கள், உங்கள் ஊர் நடுவர்கள் உங்களுக்கு ஊதினார்கள் என்று குதித்தார்கள். மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கினால் அதுவும் கோவில்பட்டி என்றே விழுந்தது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் லீக் கமிட்டி பஞ்சாயத்துப் பண்ணி, ஆளுக்கு ஒரு நடுவர் சொல்லிக்கொள்ளுங்கள் என்று தீர்த்து வைத்தது. அலைகள் கிளப் நரைத்த மீசை வைத்த ஒரு பெரியவரைச் சொன்னது. சங்கிலிப்பாண்டி யோசிக்கவே இல்லை.

"செல்வகணேஷ்" என்றான்.

செல்வகணேஷ் அவன் தங்கச்சி முத்துசெல்வியின் புருஷன். கழுகுமலைக்காரர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், மாநில அளவில் ஊதுகிற நடுவர். கமிட்டிக்காரர் பேனாவை வைத்துவிட்டு, "உங்க மாப்பிள்ளைல்லா அண்ணாச்சி? எதிர் டீமுக்காரவிய சம்மதிப்பாகளா?" என்று கேட்டார். அலைகள் கேப்டன், உடனே சரி என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது இவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, இவியளை எதுக்குக் கேட்டே? வேற யாரையாவது போடச் சொல்லு."

"ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? நம்ம ஆளு ஒருத்தரு உள்ள நின்னாத்தான் அவனுவ ஒழுங்கா ஆடுவானுவ."

"இவியளைப் பத்தி எனக்குத் தெரியும்ணே. போன வருஷம் ஒரு மேட்சுல எங்க கொழுந்தன் மவன் கால் கோட்டுல படவே இல்லை, பட்டுச்சுன்னு ஊதிட்டு வந்து நின்னாவ. ஏன்னு கேட்டா, நம்ம பிள்ளைல்லா, அப்படித்தான் இருக்கணும்ங்காவ. நம்மாளுன்னா இவியளுக்குக் கண்ணு ரெண்டு மடங்காத் தொறந்துக்கிடும்."

"போட்டி, போய்ச் சோத்தை வடி" என்று போனை வைத்துவிட்டான். அவன் தலையில் அப்போது வியூகம் ஓடிக்கொண்டிருந்தது.

வியூகம் என்றால், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அலைகள் அணியின் உயிர் காசிராஜன். ஆறடி ஐந்தங்குலம். வளையத்துக்குக் கீழே அவன் நின்றால் பந்து அவனுக்கு, போர்டில் பட்டுத் திரும்பினாலும் அவனுக்கு. ஆனால் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவனாவது துணிந்து நேரே ஏறி வந்தால் பந்தைத் தட்டுவதற்குப் பதிலாகக் கையோடு சேர்த்து அறைவான். ஒருவனுக்கு ஐந்து ஃபவுல் விழுந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தராசுத் தட்டையே மைதானமாக்கி, தங்கள் ஆட்களுக்கு ஐந்து உளுந்தும் அவர்களுக்கு ஐந்து பாசிப்பயறும் வைத்துச் சங்கிலிப்பாண்டி சோலைராஜுக்கு விளக்கினான். சோலைராஜ் அணியின் வேகக்காரன், பந்தைக் கொண்டுபோகிறவன், லோடுவேன் ஓட்டுகிறான்.

"தூரத்துல இருந்து எறியவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இவன் நெஞ்சுக்கு நேரே ஏறு. சட்டுன்னு நில்லு. இவன் ஒம்மேல வந்து விழுவான். விசில். மறுபடி ஏறு. மறுபடி விசில். மூணாவது கால்வாசி முடியுமுன்ன இவன் வெளிய." ஒரு பாசிப்பயறை எடுத்து வாயில் போட்டு மென்றான். "நாம தடுக்கும்போது முன்ன ரெண்டு பேரு, பின்ன மூணு பேரு. எவனும் எடத்தை விட்டு நகரப்பிடாது."

"விசில் ஊதணும்லா அண்ணாச்சி?"

"அதுக்குத்தானலே மாப்பிள்ளையைக் கேட்டு வாங்கிருக்கேன்."

"கடைச் சரக்கைத் தின்னுக்கிட்டு என்னவே வெளையாட்டு?" என்று கண்ணுசாமி முதலாளி உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஆட்டம். சிமெண்டுத் தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. ஹாக்கிப் பயல்கள் கேலி பேசுவதற்கென்றே வந்து சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் பின்னால் உச்சிமாகாளி மாமாவும் நின்றார். சந்தைக்கு வந்தவர் அப்படியே வந்திருப்பார். சங்கிலிப்பாண்டி கையைத் தூக்கிக் காட்டினான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

செல்வகணேஷ் கறுப்புப் பேண்ட்டும் சாம்பல் சட்டையுமாக வந்து இரண்டு கேப்டன்களுக்கும் கை கொடுத்தார். மச்சான் என்று ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு? ஒன்றும் கிடையாது. முன்பின் பார்த்தறியாத ஆளுக்குக் கொடுப்பது போலக் கையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நடிப்புதான், நல்லாத்தான் நடிக்கிறார் என்று சங்கிலிப்பாண்டி நினைத்துக்கொண்டான்.

முதல் நிமிஷத்திலேயே சோலைராஜ் சொன்னபடி ஏறினான், சொன்னபடி நின்றான். காசிராஜன் சொன்னபடி வந்து மேலே விழுந்தான். எல்லாம் சொன்னபடி நடந்தது, விசில் மட்டும் வரவில்லை. வளையத்துக்குக் கீழே நின்ற செல்வகணேஷ் ஒன்றுமில்லை, ஆடுங்கள் என்று கையை விரித்தார். அடுத்த தடவை சங்கிலிப்பாண்டியே ஏறினான். இடித்தது காசிராஜன். விசில் வந்தது, சங்கிலிப்பாண்டி மேல்! தடுப்பவன் மேல் போய் மோதினானாம். சுவரில் இருந்த ஹாக்கிப் பயல்கள் ஓவென்று ஊளையிட்டார்கள்.

"மாப்ளே, என்ன இது?" என்று பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"கேப்டன், ஆட்டத்தைப் பாருங்க" என்றார் செல்வகணேஷ். கேப்டனாம்! தங்கச்சி கையைப் பிடித்துக் கொடுத்து அவன் நடத்திவைத்த கல்யாணத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்ற மனுஷன்!

அலைகள் சொல்லி வந்த நரைமீசைக்காரர் என்ன செய்தார் என்று அவன் கவனித்திருந்தால் விஷயம் அப்போதே விளங்கியிருக்கும். நடுவர்கள் முனை மாறி, அவர் வளையத்தடியில் நின்றபோது ஏறினால் விசில் வந்தது. இடைவேளைக்குள் காசிராஜனுக்கு மூன்று ஃபவுல் விழுந்தது, மூன்றும் அவர் ஊதியது. "பெரியவரே, நீரு எந்த ஊருவே?" என்று அலைகள் பெஞ்சிலிருந்து கத்தினார்கள். சங்கிலிப்பாண்டி காதில் அது விழவில்லை. அவன் மாப்பிள்ளை ஊதியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். அதில் அவனுக்கும் மூன்று விழுந்திருந்தது.

கடைசிக் கால்வாசியில் காசிராஜனுக்கு நாலு, இவனுக்கும் நாலு. இரண்டு பேரும் இன்னும் ஒன்றில் வெளியே. புள்ளி ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்தைந்து. இரண்டு நிமிஷம் இருந்தது. காசிராஜன் பந்தோடு திரும்பினான். சங்கிலிப்பாண்டி இரண்டு கையையும் நேரே வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, வலிக்கிற காலை ஊன்றி நின்ற இடத்திலேயே நின்றான். கையைத் தாழ்த்தவில்லை, ஓர் அங்குலம் நகரவில்லை. காசிராஜன் அவன் மேல் பாய்ந்தான், இரண்டு பேரும் உருண்டார்கள். செல்வகணேஷின் விசில் காதைக் கிழித்தது. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார், இவனைப் பார்த்து.

ஐந்தாவது ஃபவுல். கடைசி ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தை அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. வாட்டர் பாட்டிலைத் தரையில் ஓங்கி அடித்தான். அழுகை வந்தது, துண்டால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான்.

ஒன்பது விநாடி இருக்கும்போது அலைகள் அறுபது, கரிசல் ஐம்பத்தொன்பது. டைம்-அவுட் கேட்டான். சோலைராஜின் தலையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு சொன்னான்: "காசி மேலயே ஏறு. அவனுக்கு நாலு இருக்கு. கையை வச்சா வெளிய போவான், நமக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. வைக்கலைன்னா கூடை. எப்படிப் பாத்தாலும் நமக்குத்தான்."

கணக்கு சரிதான். இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் அந்தக் கணக்கில் தப்புக் கிடையாது. சோலைராஜ் இரண்டு பேரை ஏய்த்துவிட்டு நேரே ஏறினான். காசிராஜனுக்குப் பொறுக்க முடியவில்லை, பழக்க தோஷம், கையை வீசினான். சப்பென்று விழுந்த சத்தம் ரோட்டோரத்து டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். பந்து போர்டில் பட்டு வெளியே போனது. நடுக்கோட்டில் பின்தங்கி நின்ற நரைமீசைக்காரர் முதுகுகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, விசிலைப் பல்லில் கடித்தபடி செல்வகணேஷைப் பார்த்தார். செல்வகணேஷ் நாலடி தூரத்தில் நின்றார். அவர் வாயிலும் விசில் இருந்தது. ஊதவில்லை. சைரன் அடித்தது, ஆட்டம் முடிந்தது.

கமிட்டிக்காரர் ஸ்கோர் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "ஆட்சேபம் இருந்தா இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. அப்புறம் காரணத்தை எழுதிக் குடுத்துருங்க." பிறகு தயங்கி, "யாரு மேலன்னு எழுதுவீக? நீங்க கேட்டு வாங்குன ஆளுல்லா" என்றார்.

சங்கிலிப்பாண்டி பேனாவை வாங்கிக் காதில் சொருகிக்கொண்டு நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். செல்வகணேஷ் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பந்துல காசி சோலைராஜ் கையில அடிச்சானா இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லும்."

செல்வகணேஷ் குழாயை அடைத்தார். இப்போதுதான் அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது.

"அடிச்சான் மச்சான்."

"பாத்தீரா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஊதலையா? அட பாவி மனுஷா! பதினாறு வருஷம்வே! பதினாறு வருஷம்!"

"வேற டீமா இருந்தா ஊதியிருப்பேன் மச்சான். நீங்க என் மச்சான்ல்லா. கடைசி நேரத்துல ஒங்களுக்கு ஊதி ஜெயிக்க வச்சுட்டு நான் எந்த மைதானத்துல போய் நிக்க? சொந்தக்காரனுக்குச் சாச்சுட்டான்னு நாலு பேரு சொல்லிரப்பிடாதுல்லா."

சங்கிலிப்பாண்டி அவர் சட்டையைப் பிடிப்பதற்காகத்தான் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. அதே வார்த்தை. ஓர் எழுத்து மாறாமல் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்ட மாமாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். உச்சிமாகாளி போய்விட்டிருந்தார்.

பின்னாலேயே வந்த சோலைராஜ் சிவந்த கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, அவிய ரெண்டு பேரும் முனை மாறி நின்னுருந்தா நாம ஜெயிச்சிருப்போம். நாம அந்தப் பெரியவரைக் கேட்டிருக்கணும்."

"வாயை மூடுலே" என்றான் சங்கிலிப்பாண்டி. கமிட்டிக்காரரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். கட்டம் காலியாகவே இருந்தது.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே கடைக்குப் போனான். கண்ணுசாமி முதலாளி, "என்னவே, பந்து கூடையில விழலையா?" என்று கேட்டார். பத்து மணி இருக்கும், மாமாவின் டிராக்டர் சத்தம் கேட்டது. இரண்டாம் அறுப்பு உளுந்து, எட்டு மூட்டை இருந்தது. சங்கிலிப்பாண்டி தராசைத் துடைத்து முள்ளை, அதாவது இந்தக் காலத்து எண்ணை, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். மூட்டைக்கு ஒரு கிலோ, ஒரு குன்றிமணி கூட அதிகம் கழிக்கக் கூடாது, எவன் என்ன சொன்னாலும் சரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

டிராக்டர் நிற்கவில்லை. கடையைத் தாண்டிப் போய் எதிர்வரிசையில் நாலாவது கடையில் நின்றது. புதிதாகத் திறந்த கடை. அங்கே எடை போடுகிறவன் விருதுநகர்ப் பக்கத்துக்காரன், இந்த ஊரில் யாருக்கும் உறவு கிடையாது.

"மாமா!" என்று கத்தினான். "மாமா, இங்கன வாங்க மாமா!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உச்சிமாகாளி பார்க்கவில்லை. அங்கே மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டு மூட்டை ஏறி இறங்கி முடிகிற வரைக்கும் ஒரு தடவை கூட அவர் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை.